நடுகல் ஊன்ற நிலமில்லை

ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்து வீழ்ந்த மறவனுக்கு ஊர் ஒரு கல் தந்தது. அவன் வீழ்ந்த இடத்திலேயே தந்தது. கரம்போ, கள்ளி மண்டிய மேடோ, நெடுவழியின் ஓரமோ, அவன் குருதி எங்கே சிந்தியதோ அங்கே கல்லை நிறுத்தினார்கள். அவன் பேரையும் செயலையும் வெட்டினார்கள், மயிலிறகு சார்த்தினார்கள், படையலிட்டு மது வார்த்தார்கள். வழிப்போக்கன் நின்று பார்த்தான். பாணன் யாழைத் தாழ்த்தித் தொழுதான்.

சீ ஹாக் என்னும் போர்விமானமே, வல்லூறே, உனக்கு எங்கே கல் நடுவது?

நீ பொருத களம் மண்ணன்று. எழுநூறு அடி நீள இரும்பு. அந்த இரும்பும் ஓரிடத்தில் நில்லாதது. விடியலில் ஒரு கடல்மேலும் அந்தியில் வேறொரு கடல்மேலும் இருந்தது. நீ எழுந்த இடத்திற்கு நீயே திரும்பியதில்லை. நீ வானில் இருந்த பொழுதிலேயே உன் களம் பல காதம் நகர்ந்துவிட்டிருக்கும். தேடிக் கண்டுதான் இறங்கினாய். பாரி மாய்ந்த பின் கபிலனுக்குப் பறம்பேனும் எஞ்சியது. அவனும் பாரி மகளிரும் நடந்து நடந்து திரும்பிப் பார்த்தபோது, தேய்ந்து தேய்ந்து மறைந்தாலும், அங்கே ஒரு மலை இருந்தது. உன்னோடு வாழ்ந்தவர்கள் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? அவர்கள் நின்ற தளத்தை மும்பையில் அறுத்து எடைக்கு விற்றுவிட்டார்கள்.

உன் பிறப்பு வடகடல் தீவில். சிட்னி கேம் என்னும் தச்சன் உன்னை வரைந்தான். 1947 செப்டம்பரில், நம் நாடு விடுதலை பெற்ற சில நாட்களுக்குள், உன் முன்வடிவம் முதலில் பறந்தது. ரோல்ஸ்ராய்ஸ் நீன் உன் நெஞ்சு. பிற ஜெட்டுகள் தீமூச்சை வாலின் வழியே விட்ட காலத்தில், உன் மூச்சை இரண்டாகப் பிளந்து இரு சிறகின் அடியிலும் வெளிவிடச் செய்தான் அந்தத் தச்சன். அதனால் உன் வயிற்றில் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. நெடுந்தொலைவு போய் மீள்வாய் ஆனாய். மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், சிறகடியில் குண்டும் ராக்கெட்டும். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும்போது சிறகை மேலே மடித்துக்கொள்வாய். போர்க்கருவிகளில் அழகைத் தேடுவது பிழை என்பார் உண்டு. ஆயினும் உன்னைக் கண்டவர் எவரும் அழகி என்றே சொன்னார்கள். அதை நான் மறுப்பானேன்?

நீ நம்மிடம் வந்தபோது உன் இளமை கழிந்துகொண்டிருந்தது. உன்னைப் படைத்தவர்கள் 1956-ல் சூயஸ் கரையில் உன்னைப் பொருதவிட்டு, உன்னினும் விரைந்த பறவைகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். வேல்ஸ் நாட்டின் பிராடி தளத்தில் 1960 ஜூலையில், இந்தியக் கடற்படையின் 300-ஆம் விமானப் பிரிவு உன்னைக் கொண்டு உருவாயிற்று. பாயும் வெண்புலி அதன் இலச்சினை. உனக்கெனக் காத்திருந்த விமானந்தாங்கிக் கலமும் பாதியில் விடப்பட்டதே. பெரும்போரின் நடுவே டைன் ஆற்றங்கரையில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் வேண்டாம் என்று நிறுத்தப்பட்டு, 1957-ல் நம்மால் வாங்கப்பெற்று, பெல்ஃபாஸ்ட் நகரில் நிறைவு பெற்றது. 1961 மார்ச் 4-ல் விஜயலட்சுமி பண்டிட் அதைப் படையில் சேர்த்து விக்ராந்த் என்று பெயர் அறிவித்தார். அவ்வாண்டு மே 18-ல் லெப்டினன்ட் தஹிலியானி உன்னை அதன் தளத்தில் இறக்கினார். பின்னாளில் கடற்படைத் தலைவராக உயர்ந்தவர் அவர். எந்த ஜெட்டின் சக்கரமும் அதற்கு முன் அத்தளத்தைத் தொட்டதில்லை.

அதன்பின் நீ வந்து தங்கியது எங்கள் மண்ணில். கோவைக்குக் கிழக்கே சூலூரில், 1961 செப்டம்பர் 5-ல், ஐ.என்.எஸ். ஹன்சா என்னும் கடற்படை வான்தளம் தொடங்கியது. கடலைக் காணாத கொங்கு நாடு. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் காடு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வந்து பனை மட்டைகளை உலுக்கும் ஊர். அங்கே கடற்பறவைக்குக் கூடு! காட்டில் களை வெட்டியவர்கள் தலைக்குமேல் கையை வைத்து அண்ணாந்து உன்னைப் பார்த்திருப்பார்கள். கடலுக்குப் போகும் பறவை என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கோவா விடுதலை பெற்றது; 1964-ல் ஹன்சா டபோலிமுக்கு இடம் மாறியது; நீயும் போனாய். கொங்கு நாட்டுக்கு உன்னோடு இருந்த உறவு மூன்றாண்டுகூட நிறையவில்லை.

இனி உன் தொழிலைச் சொல்வேன். அதைச் சொல்லாமல் உன்னைப் பாடுவது வாளைப் பாடி வீசிய கையை மறப்பது.

கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பும். தளத்தின் அடியில் நீண்டு கிடக்கும் உருளைகளில் நீராவி முட்டி நிற்கும். கேட்டபல்ட் என்று அவர்கள் சொன்ன அந்தக் கவணில் உன்னைப் பூட்டுவார்கள். உன் வயிற்றடியில் எஃகு வடத்தை மாட்டுபவன் குனிந்தே ஓடிவந்து குனிந்தே ஓடிப்போவான். ஒரு பக்கம் காற்றை உறிஞ்சும் உன் வாய், மறுபக்கம் உன் தீமூச்சு, இரண்டுக்கும் இடையில் அவன் உயிர். அவனை ஹேண்ட்லர் என்பார்கள். பதினெட்டு, இருபது வயது. பேச்சு எடுபடாத இரைச்சலில் எல்லாம் கைச்சாடை. அதிகாரியின் கொடி தாழும். கண்ணிமைக்கும் முன் தளம் தீர்ந்துபோகும், கீழே கடல். நீராவி போதாவிட்டால் நீ கல்லாய் விழுவாய். உன்மேல் கப்பல் ஏறிப்போகும். போதிய நீராவியைத் தந்தவன் வெயிலைப் பாராமல் பல அடுக்குக்குக் கீழே, கொதிகலன் அறையில், எண்ணெய்ப் புகையில் நின்றான். நீ எழுந்ததை அவன் கண்ணால் காணவில்லை. அழுத்தமானியின் முள் சரேலெனத் தாழ்ந்து மீண்டு ஏறுவதைக் கண்டான். அவ்வளவே அவன் கண்ட பறத்தல்.

மீளுதல் அதனினும் கொடிது. மேலிருந்து பார்க்கக் கப்பல், கடற்பரப்பில் யாரோ போட்டுவிட்டுப் போன தீக்குச்சி. தளத்தின் ஓரத்தில் ஆடியும் விளக்கும் வைத்திருப்பார்கள். ஆடியில் ஒளி நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். சற்று மேலே போனால் வடத்தைத் தவறவிடுவாய், சற்றுத் தாழ்ந்தால் கப்பலின் பின்சுவரில் மோதுவாய். தளம் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். உன் வால் கொக்கி தடுப்பு வடத்தைப் பற்றும். பறத்தல் சட்டென முடியும். பற்றாவிட்டால் முழுவிசையோடு மீண்டும் வானேறிச் சுற்றி வர வேண்டும், எரிபொருள் இருந்தால். அதற்காகவே விமானி இறங்கும்போது வேகத்தைக் குறைப்பதில்லை. தரையில் இறங்குபவன் நிற்பதை எண்ணி இறங்குகிறான். நீ மீண்டும் எழ ஆயத்தமாகவே இறங்கினாய். இத்தொழிலைக் கற்கையில் கடல் கொண்டவர்கள் உண்டு. போர் இல்லாத நாளில், பகைவன் இல்லாத வானில் மாய்ந்தவர்களுக்கு எந்தப் பாட்டிலும் இடமில்லை. அவர்களையும் இங்கே நினைக்கிறேன்.

1965-ல் பாகிஸ்தானோடு போர் வந்தபோது உன் கலம் மும்பையில் உலர்துறையில் ஏறிக் கிடந்தது. அதை மூழ்கடித்துவிட்டோம் என்று பகைவர் பறை சாற்றினர். மூழ்காத கப்பலுக்கு அந்தப் பழி, பொருதாதவன் என்னும் வசையோடு சேர்ந்தே வந்தது. அதில் பணிபுரிந்தவர்கள் ஆறு ஆண்டு அந்த வசையைச் சுமந்தார்கள்.

சுமை இறங்க வேண்டிய நேரத்தில் கொதிகலன் விரிந்தது. 1970-ல் நீர்க்கலத்தில் விரிசல் கண்டார்கள். வழக்கமான வெல்டிங்கால் அடையும் விரிசல் அன்று. 25 நாட் வேகத்தில் ஓட வல்ல கலம், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, 16 நாட் அளவில் நடக்க நேர்ந்தது. வேகம் குறைந்தால் தளத்தின்மீது வீசும் எதிர்க்காற்றும் குறையும். எதிர்க்காற்று குறைந்தால் பறவை எழாது. இதை வைத்துக்கொண்டு போருக்கா என்று கேட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர். விரிசலின் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் அதைக் கேட்டதாகத்தான் தெரியவில்லை. கொதிகலன் வெடித்தால் அறையில் இருப்பவர் எவரும் மிஞ்சார். அது தெரிந்தே ஸ்டோக்கர்கள் ஒவ்வொரு காவலுக்கும் ஏணி வழியே கீழே இறங்கினார்கள். அம்பை எதிர்நோக்கி மார்பு காட்டியவனைப் புலவர் பாடினர். நாள் முழுதும் நீராவியின் எதிரே மார்பு காட்டியவனை யார் பாடினர்?

கலம் 1971-ன் நடுவில் மேல்கடலை விட்டுச் சென்னை வழியாகக் கீழ்கடலுக்கு வந்தது. பின்னர் அந்தமானின் வடக்கே, காடு சூழ்ந்த போர்ட் கார்ன்வாலிஸ் என்னும் உள்வாங்கிய துறையில் ஒளிந்தது. அதைத் தேடிக் காஸி என்னும் நீர்மூழ்கி நவம்பர் 14-ல் கராச்சியை விட்டுப் புறப்பட்டது. சென்னைக் கடலில் தேடியது, காணவில்லை. விசாகப்பட்டினத்து வாயிலுக்குப் போயிற்று. அங்கே விக்ராந்த் இருப்பதுபோல் தோன்றும்படி கிழக்குப் படைத்தலைவர் நீலகண்ட கிருஷ்ணன் பொய்த்தடம் விரித்திருந்தார். டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் என்னும் நம் கலம் வீசிய குண்டால் என்பர் நம்மவர். தான் சுமந்த கண்ணிவெடியால் என்பர் அவர்கள். 93 பேர் உள்ளே இருந்தனர். இல்லாத ஒரு கப்பலைத் தேடி வந்து மாய்ந்தவர்கள்.

அந்த இரவு விடிந்த காலையில் நீ எழுந்தாய், வல்லூறே.

கரையிலிருந்து ஏறத்தாழ அறுபது கடல் மைல் தொலைவில் கலம் காற்றைத் தேடித் திரும்பியது. எட்டுப் பறவைகள். லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா வெண்புலிகளுக்குத் தலைவர். முதல் இலக்கு காக்ஸ் பஜார் விமானதளம், அடுத்துச் சிட்டகாங். பின்னர் குல்னா, மோங்லா, ஆற்றுமுகங்கள். ஓடுபாதைகள் குழியாயின, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, தப்பியோட நின்ற கலங்கள் உடைந்தன. உன்னோடு ஃபிரெஞ்சு நாட்டு அலிஸே விமானங்கள் பகலும் இரவும் சென்றன. துளைபட்டு வந்த உன்னைத் தளத்தின் அடியில் ஃபிட்டர்கள் தகடு வைத்து அடைத்து மறுபொழுதுக்கு மேலே அனுப்பினார்கள். ஆர்மரர்கள் குண்டுகளைத் தோளால் தாங்கி மாட்டினார்கள். உறங்கியவர்கள் உன் சக்கரத்தின் பக்கத்திலேயே உறங்கினார்கள். காற்று வீழ்ந்த பொழுதில் கீழறையிலிருந்து இன்னும் சற்று நீராவி கேட்கப்பட்டது. விரிசலைப் பார்த்துக்கொண்டே தந்தார்கள். கொதிகலன் தாங்கியது. கலத்தலைவர் ஸ்வராஜ் பிரகாஷும் குப்தாவும் மகாவீர் சக்கரம் பெற்றனர். நடுகல்லில் எழுதத்தக்க பெயர்கள்; மறுப்பில்லை.

ஆயினும் பறவையின் நிழல் விழுந்த நிலத்தில் யார் இருந்தனர் என்று கேளாமல் இந்தப் பாட்டு நிறைவுறாது. துறைமுகத்தில் எரிந்த படகுகளில் படைஞர் மட்டுமா இருந்தனர்? கர்ணபுலி ஆற்றின் கரையில் மூட்டை தூக்கியவர்கள், ஓடம் வலித்தவர்கள், யாருக்கு வந்த போர் இது என்று அறியாமலே மாய்ந்தவர்கள் இருந்திருப்பர். அந்த வங்க மண்ணின் விடுதலைக்காகவே நீ போனாய் என்பது மெய். குண்டு அந்த மெய்யைப் படித்துவிட்டு விழுவதில்லை என்பதும் மெய்.

பின் வந்தது முதுமை. அதைச் சுருங்கச் சொல்வேன். போருக்கு முன்பே மேற்கு ஜெர்மனியின் கடற்படை கழித்த 28 பறவைகளை வாங்கி உன் இனத்தை நீட்டித்திருந்தார்கள். உதிரிப்பாகம் கிடைக்காமல் ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பூட்டினார்கள். 1983-ல் நீ ஓய்ந்தாய். வெண்புலி இலச்சினை சீ ஹாரியருக்குப் போயிற்று. அது நின்ற இடத்திலிருந்தே எழவும் இறங்கவும் வல்லது, கவண் வேண்டாதது. 1987-ல் அலிஸேயும் தளத்தை விட்டு நீங்க, உன்னை எறிந்த நீராவிக் கவணைக் கழற்றிவிட்டுக் கலத்தின் முகப்பை மேல்நோக்கி வளைத்தார்கள். இன்றுவரை நம் நாட்டுக் கலம் எதிலும் மீண்டும் கவண் வரவில்லை. 2022-ல் கொச்சியில் படை சேர்ந்த புதிய விக்ராந்திலும் வளைந்த முகப்புதான். வடம் மாட்டிய கை, கொடி தாழ்த்திய கை, நீராவி அளந்த கண் ஆகியவை கற்ற கலை, கற்பிக்க ஆளிருந்தும் கற்க ஆளின்றிப் போயிற்று. நீ மாய்ந்ததைவிட இது எனக்குப் பெரிய சாவாகப் படுகிறது.

கலம் 1997 ஜனவரி 31-ல் பணி ஓய்ந்தது. சில ஆண்டு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பள்ளிப் பிள்ளைகள் தளத்தில் ஓடினார்கள். பிறகு அடித்தகடு நைந்தது, 2012-ல் மூடினார்கள். காக்கப் பொருளில்லை என்றார்கள். வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன அதை 2014 நவம்பரில் தாருகானாத் துறையில் அறுக்கத் தொடங்கினார்கள். அரசை வைது தீர்த்துவிடலாம், எளிது. ஆனால் கல்லுக்கு இல்லாத நோய் இரும்புக்கு உண்டு. அது கடலில் நின்றே நைந்தது. என் வருத்தம் வேறு: தளத்தின் ஒரு துண்டையேனும், கவண் ஓடிய அந்தப் பிளவையேனும், அறுத்துக் கரையேற்றி வைத்திருக்கலாம். இரும்பில் ஒரு பங்கை மோட்டார் சைக்கிள் கம்பெனி வாங்கி, உருக்கி, பெட்ரோல் டேங்கில் சேர்த்து விற்றது. பஜாஜ் வி என்று பெயர். கொதிகலன் அறையில் காவல் இருந்த ஒருவர் வீட்டின் முன் அந்த வண்டியை அண்டை வீட்டு இளைஞன் நிறுத்திப் போவது நடக்கக்கூடியதே. போர்க்களமே வாசலுக்கு வந்து நின்றாலும் அவர் எப்படி அறிவார்?

மும்பையில் லயன் கேட்டின் எதிரே, சாலைச் சந்திப்பில், கலத்தின் உலோகத்தால் செய்த சின்னம் ஒன்றை 2016-ல் நிறுத்தினார்கள். பேருந்துகள் அதைச் சுற்றிப் போகின்றன. நீ டபோலிம் அருகே கடற்படை வான்கலை அருங்காட்சியகத்தில் வெயிலில் நிற்கிறாய். நுழைவுச் சீட்டு வாங்கி வருபவர்கள் உன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். களம் ஓரிடம், வீரன் ஓரிடம். உன்னை வேட்டையாட வந்த காஸியோ விசாகப்பட்டினத்துக் கடலடியில், வீழ்ந்த இடத்திலேயே கிடக்கிறது. அதற்குத்தான் நம் மரபுப்படி நடுகல் வாய்த்தது.

உன்னோடு வாழ்ந்தவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். படைவிட்டு வந்து வங்கி வாயிலில் காவலராகவும் ஆலையில் ஃபிட்டராகவும் இரண்டாம் வாழ்வு வாழ்ந்தவர்கள். செவி மந்தம் அவர்களுள் பலருக்கு. உன் குரல் வைத்துப்போன சீர். கூப்பிட்டால் கேளாது, கையசைத்தால் உடனே திரும்புவார்கள். டிசம்பர் 4 கடற்படை நாள். நாடு அன்று கராச்சியை எரித்த ஏவுகணைப் படகுகளைக் கொண்டாடுகிறது. அதே நாளில் கீழ்கடலில் நீயும் எழுந்தாய் என்பதை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

அவர்களிடம் கேன்டீன் ரம் இருக்கும். கல் இல்லாவிட்டாலும் படையல் தடைபட வேண்டியதில்லை. முதல் கிண்ணம் கொதிகலன் அறைக்கு: விரிசலின் பக்கத்தில் நின்ற ஸ்டோக்கர்களே, ஏணியேறி மேலே வாருங்கள், இது உங்களுக்கு. இரண்டாவது, குனிந்தே ஓடிய ஹேண்ட்லர்களுக்கு. மூன்றாவது, பயிற்சியில் கடல் கொண்ட இளையோர்க்கு. அவர்களுக்கு நிரம்ப ஊற்றுங்கள், குறைவாகக் குடித்துப் போனவர்கள். கர்ணபுலிக் கரையில் மாய்ந்தவர்க்கும் காஸியின் 93 பேருக்கும் மது வேண்டாம்; நல்ல நீர் வாருங்கள். வல்லூறே, உனக்கு எதை ஊற்றுவது? வாழ்நாளெல்லாம் மண்ணெண்ணெய் குடித்த பறவை நீ.